விசா வேண்டாதவரும் விசா முடிந்தவரும்

லாட்ஜில் ரிஜிஸ்தர் எழுதுகிறவன், எழுதினதை நினைத்துப் பயப்படுவதைவிட எழுதாமல் விட்டதை நினைத்துத்தான் அதிகம் பயப்படுவான். அஞ்சாம் கிளாஸோடு நின்றுபோன எனக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அந்த வேலை வாய்த்தது. முன்பின் தெரியாதவனிடம் பேர் ஊர் கேட்டுப் பிழைத்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும். சீனாக்காரனோடு சண்டை முடிந்த மறுவருசச் சீசன் அது. புது முகம் எதைப் பார்த்தாலும் ஒற்றன் மாதிரியே தெரிந்தது.

ஏட்டையாவின் உத்தரவு

முதல் சாரல் விழுந்த அன்றைக்கே ஸ்டேஷன் ஏட்டையா வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் அன்றைக்கே ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட வேண்டும். சிலோன்காரர் என்றால் பாஸ்போர்ட்டில் விசா தேதியைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரர் என்றால் விசாவே வேண்டாமாம், நேரே கப்பலிலிருந்து இறங்கி வரலாமாம்.

“அப்போ அவரு எதுக்கு வாராருன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். ஏட்டையா டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“அதான்வே எங்களுக்கும் தலைவலி. விசாக்காரன்கிட்ட தேதி இருக்கு, விலாசம் இருக்கு. விசா வேண்டாதவனுக்கு உம்ம கண்ணு ஒண்ணுதான் காவல். அது அசந்துதுன்னா லாட்ஜுக்குப் பூட்டு, உமக்கு லாக்கப்பு.”

நாலாம் நம்பர் ரூம்

சொல்லிவைத்த மாதிரி மறுவாரமே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு செங்கோட்டைப் பக்கம் போவார், பொழுது சாயத் திரும்புவார். ரயில் பாதையோரம் உட்கார்ந்து படம் வரைகிறார் என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். உடனே ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். அவர் ரூம் வாசலை ஒரு நாளைக்கு ஆறு தடவை நானே பெருக்கினேன்.

வெள்ளைக்காரர் ஒருநாள் மெயினருவிக்குப் போக, ஏட்டையாவும் யூனிபாரம் இல்லாமல், துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே வேவு பார்க்கப் போனார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக, “வாங்க ஏட்டையா” என்று கும்பிட்டார்கள். கடைசியில் வெள்ளைக்காரரே சிரித்துக்கொண்டு நோட்டைத் திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பெரணிச் செடி. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ரயில் பாலம், வளைவு வளைவாக. அதன் வெடிப்பில் ஒரு பெரணி முளைத்திருந்தது. ஏட்டையா அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்:

“செடிக்காகப் பாலத்தை வரைஞ்சானா, பாலத்துக்காகச் செடியை வரைஞ்சானா? இதை எந்தப் பாரத்துலவே எழுதுறது?”

ஏழாம் நம்பர் ரூம்

ஏழாம் நம்பரில் இருந்தவர் கந்தையா. பிறந்தது பக்கத்திலிருக்கிற இலத்தூர். சின்ன வயசிலேயே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், அங்கேயே கடை வைத்து, சிலோன் பாஸ்போர்ட் வாங்கினவர். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். இலத்தூர் வீட்டில் கல்யாணச் சாமான் குவிந்து கிடந்ததால், முழங்கால் வலிக்கு அருவியில் குளித்துக்கொண்டு எங்கள் லாட்ஜில் இருந்தார்.

கல்யாணம் ஆனி மாசம் என்று சொல்லித்தான் அவரை வரவழைத்தார்கள். அவரும் ஆடிக் கடைசி வரைக்கும் விசா வாங்கி வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து, கல்யாணம் தள்ளிப் போயிற்று. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்? ஆவணி மூணாந் தேதி என்று வைத்துவிட்டார்கள். விசாவைக் கூட்டித்தரச் சொல்லி மனு எழுதிப் போட்டார், பதில் வரவில்லை. ஆடி முடிய அஞ்சு நாள் இருக்கையில் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நின்றார். சிலோன் கந்தையா ரூமைக் காலி பண்ணிவிட்டார் என்று எழுதி, அதே ஆளை உள்ளூர்க்காரராக ‘இலத்தூர் கந்தையா’ என்று புதுசாக எழுதவேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். தங்கச்சிதான் பேசினாள்:

“தாய்மாமன் மாலை போடாம எம்மவ எப்படி அண்ணாச்சி மணையில உக்காருவா? பொறந்த ஊரைத்தானே எழுதச் சொல்லுதோம், பொய்யா சொல்லுதோம்?”

தென்காசி ஸ்டேஷன்

ரெண்டு நாள் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருந்தது. மூணாம் நாள், “என்னால முடியலை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டேன். கந்தையா கோபப்படவில்லை. “அப்போ ஒண்ணு செய்யுங்க. எனக்குப் பதிலா நீங்க நின்னு மாலையைப் போட்டிருங்க” என்று சொல்லி, கல்யாணத்துக்கு வாங்கிவைத்திருந்த பட்டுத்துண்டை என் கையில் கொடுத்தார். அதை மடித்து ரிஜிஸ்தருக்கு அடியில் வைத்தேன்.

தனுஷ்கோடி போய்க் கப்பல் பிடிக்க அவர் தென்காசியில் ரயிலேறினார். நான் வழியனுப்பப் போனேன். ஆள் போய்விட்டதை உறுதிபண்ண ஏட்டையாவும் வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் நாலாம் நம்பர் வெள்ளைக்காரர் நோட்டும் கையுமாகப் பிளாட்பாரத்தில் வந்தார், செங்கோட்டை வண்டிக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் ஏட்டையா. கை தன்னால் எழும்பி ஒரு சல்யூட் வைத்துவிட்டது. கந்தையா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“ஏட்டையா, தூக்குன கையை இறக்காதீய. அப்படியே இங்கனயும் திரும்பி ஒருக்கா ஆட்டிருங்க, நான் போயிட்டு வாரேன்.”

மணமேடை

ஆவணி மூணாந் தேதி இலத்தூரில் பட்டுத்துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். “மாமன் எங்கன?” என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கேட்டார். தங்கச்சி என்னைக் கை காட்டினாள். நான் அந்தப் பெண்ணுக்கு மாலையைப் போட்டேன்.

தாலி கட்டி முடிந்ததும் பந்தல் வாசலில் ஏட்டையா சைக்கிளை நிறுத்தினார். சாப்பிட வரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சர்க்கார் கடிதத்தை எடுத்தார். அன்று காலைத் தபாலில் வந்ததாம்.

“இன்னும் ஒரு மாசம் இருக்கலாம்னு உத்தரவு வந்திருக்குவே. மாமன்கிட்ட கொடுக்கணும். இன்னைக்கு நீருதானே மாமன், வாங்கிக்கிடும்.”

நான் அந்தக் கல்யாணத்தில் நின்ற நேரத்தில் நாலாம் நம்பர் வெள்ளைக்காரர் லாட்ஜைக் காலி பண்ணிவிட்டு எந்த வழியாகப் போனார் என்பது இன்றுவரை எந்த ரிஜிஸ்தரிலும் கிடையாது. தேதி தவறாமல் நாங்கள் எல்லாரும் கூடிப் பத்திரமாக நாட்டை விட்டு அனுப்பிவைத்தது இலத்தூர்க்காரரை மட்டும்தான்.