ஆணி இருக்கிறது, மரம் இல்லை

ஊரில் பாதி வீடுகளின் கூரை ரகசியம் தெரிந்த தணிகாசலம், எந்தக் கூரைக்கு அடியிலும் படுப்பதில்லை. ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. கான்கிரீட் தளம், கூடவே நின்று கம்பி கட்ட வைத்தது. இருந்தும் கயிற்றுக் கட்டில் வாசலில்தான், அது ஊருக்கே தெரியும். மழைக்கு உள்ளே வருவார். வந்தாலும் தூங்க மாட்டார். "எலக்ட்ரீஷியனைக் கட்டினேன்னு நெனச்சேன், வாட்ச்மேனைக் கட்டியிருக்கேன்" என்பாள் மனைவி ஜெயம்.

ஃபேன் மாட்டுவதுதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை. புதுச்சேரியின் பழைய வீடுகளில் மர விட்டங்களை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாகத் தளம் ஒட்டியிருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் அழகுக்காகக் கீழே பலகை அடித்து வெள்ளை பூசி, அதைப் பிரெஞ்சில் 'பிளாஃபோன்' என்றார்கள். மேலே ஏறிப் பார்க்க வழி கிடையாது. ஃபேனோ விட்டத்தில்தான் தொங்க வேண்டும். தணிகாசலம் ஏணியில் நின்று விரல் முட்டியால் தட்டுவார். வெறும் பலகை 'டொம்' என்னும். பின்னால் மரம் இருந்தால் 'டக்'. கூடவே ஒரு கணக்கும் உண்டு: அந்தக் காலத்து ஆசாரி விட்டத்தை ஒற்றைப்படையில்தான் போடுவான். சாமி நம்பிக்கை இல்லாத தணிகாசலம் இதை மட்டும் நம்பினார்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை. சூசான் மதாம் வீட்டில் தட்டினார். மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். பிரான்ஸிலேயே வளர்ந்த மகள் ஏலோதி மூன்று மாதக் குழந்தையோடு அன்று மாலை பாரீஸிலிருந்து வருகிறாள். அவளுக்கான அறையில், கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன் வேண்டும்.

"எட்டுதான் வருது, மதாம்."

"எட்டுன்னா எட்டு. கொக்கி மாட்ட ஒண்ணு போதாதா?"

"ஆசாரி எட்டு வைக்க மாட்டான். நடுவுல ஒண்ணு காணல."

"காணலன்னா? என் பிளாஃபோனுக்குள்ள பூந்து எவனாவது திருடிக்கிட்டுப் போனானா?"

நான்காவதுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மட்டும் இரண்டு மடங்கு இடைவெளி. தணிகாசலம் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி அங்கே நகர்த்தினார். வரிசையாக, விரலளவு பிசகாமல், ஒவ்வொரு ஆணியிலும் அது ஒட்டிக்கொண்டது. பலகை அடித்த நாளில் அங்கே விட்டம் இருந்திருக்கிறது. இப்போது ஆணி இருக்கிறது, மரம் இல்லை.

மற்ற எட்டுக்கும் சின்னக் கோடு போட்டிருந்தார். இந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு இறங்கினார்.

"கரையான் தின்னுடுச்சு, மதாம். மேல இருக்கிற தளம் பழக்கத்துல நிக்குது. ஃபேன் மாட்ட மாட்டேன். கட்டிலையும் வெளிய எடுத்துடுங்க."

"என் வீட்டுக்காரர் அல்ஜேரி சண்டையில குண்டுக்கு அடியில தூங்கினவரு. நீ பலகைக்குப் பயப்படுறே. போ, எனக்கு ஆளா கெடைக்காது?"

ஏணியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அடுத்த வேலை வேறொரு வீட்டில், சுவரில் துளை போடுவது. அளந்து, இடம் குறித்து, டிரில்லை எடுக்கப் போனவர் தன் குறியைப் பார்த்து அப்படியே நின்றார். பெருக்கல் குறி. துளை போடும் இடத்தில் எல்லா எலக்ட்ரீஷியனும் போடுகிற குறி.

மதாம் வீட்டுக்கு அவர் வண்டி ஓட்டியதை யாராவது பார்த்திருந்தால், குடித்திருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள்.

ஏணியில் வெற்றிவேல் நின்றான். முன்பு அவரோடு வேலை பார்த்தவன். டிரில் மேலே ஏறியிருந்தது.

"வாங்கண்ணே! நீங்க போட்ட குறியிலேயே வச்சிட்டேன். வெண்ணெ மாதிரி போவுது."

"நிறுத்துடா! எறங்கு!"

நிறுத்தினான். தூள் கொட்டுவது நிற்கவில்லை. சுண்ணாம்பின் வெள்ளை இல்லை, பழுப்புத் தூள். புதிதாய் விரித்த படுக்கை விரிப்பில், குழந்தைக்கென்று வைத்த குட்டித் தலையணையில், அவசரமே இல்லாமல் கொட்டியது. மதாமும் சேர்த்து மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மேலே எங்கோ ஒரு பலகை மெல்ல முனகியது.

கட்டிலை இழுத்து ஹாலில் போட்டு, அறையைப் பூட்டினார்கள். சாவியை இடுப்பில் செருகிய மதாம், ஹாலின் பிளாஃபோனை அண்ணாந்து பார்த்தாள். அல்ஜேரிப் பேச்சு இப்போது வரவில்லை.

"தணிகாசலம், இதையும் தட்டிடேன்."

தட்ட அவருக்கு மனசில்லை. தட்டினார். அவர் வாய்க்குள் தமிழில் எண்ண, கீழே மதாம் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டு வந்தாள்: ஆன், தே, த்ருவா. சுவர் முடிந்தபோது அவர் பத்து என்றார். அவள் தீஸ் என்றாள். பிரெஞ்சிலும் பத்து இரட்டைப்படைதான்.

"இன்னொரு தடவை தட்டு" என்றாள், சின்னக் குரலில்.

இன்னொரு தடவையும் பத்துதான்.

நாலு மணிக்குக் கார் வந்தது. ஏலோதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். நடு முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, கொசுவலை கட்டிய கட்டில். "எவ்வளோ அழகு மம்மா! இங்க எல்லாரும் இப்பிடித்தான் படுப்பாங்களா?" என்று படம் எடுத்தாள்.

மதாம் தணிகாசலத்தைப் பார்த்தாள். "சில பேரு" என்றாள்.

அவர் ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். மேற்கே நன்றாகக் கறுத்திருந்தது.