எனக்குக் காசி, அக்காவுக்கு வாரணாசி

ஒரே வீட்டில் பிறந்தவர்கள் பேசாமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் அதில் கெட்டிக்காரிகள். பெரியம்மா சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, அம்மா செய்து கொண்டுபோன பாயசத்தைப் பந்தியில் பரிமாற மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். அதன்பிறகு தேக்கா சந்தையில் எதிரெதிரே வந்தாலும் ஒருத்தி கத்தரிக்காயைப் பார்ப்பாள், மற்றவள் முருங்கைக்காயைப் பார்ப்பாள்.

நட்டமெல்லாம் எனக்குத்தான். பெரியம்மா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பள்ளி விடுமுறை விட்டால் அந்த அக்காவின் வீட்டிலேயேதான் கிடப்பேன். அந்த வருடம் விடுமுறைக்கு அக்கா வீடு இல்லை; பள்ளியில் பார்த்துக்கொள்வதோடு சரி.

இவர்கள் இருவருக்கும் தம்பி எங்கள் மாமா. ஜாலான் புசாரில் ஆணியும் குழாயும் விற்கும் கடையில் வேலை. பேச்சை விற்றிருந்தால் இன்னும் நன்றாகச் சம்பாதித்திருப்பார். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவர், "அக்கா, டிசம்பர்ல எல்லாரும் காசிக்குப் போறோம்" என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "அவ வர்றாளா?"

"பெரியக்கா போறது வாரணாசிக்கு. நீ வர்றது காசிக்கு."

அம்மா கொஞ்ச நேரம் குழம்பைக் கிண்டினாள். "அப்ப சரி. எனக்குக் காசிதான், பார்த்துக்க. கடைசி நேரத்துல மாத்திடாத."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காசி என்றால் ஒளி, ஊரே தகதகவென்று இருக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். மறுநாளே பள்ளியில் அக்காவிடம் அளந்துவிட்டேன். அவள் அசரவில்லை.

"நாங்க போற ஊர்ல ரெண்டு ஆறு இருக்கு. ஒண்ணு வருணா, ஒண்ணு அசி. நடுவுல இருக்கறதாலதான் வாரணாசி. நீங்க போற ஊர்ல என்ன இருக்கு?"

"லைட் இருக்கு."

"லைட்டு எங்க அடுக்குமாடி புளோக்குலயும் இருக்கு லா!"

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் இருவரையும் அம்மாக்களுக்குத் தெரியாமல் லிட்டில் இந்தியாவில் தோசை தின்னக் கூட்டிப்போனார். தின்று முடித்து ஒரு பீடாக் கடையில் நின்றோம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரரையே கேட்டுவிட்டாள்: "அங்கிள், காசி பெருசா, வாரணாசி பெருசா?"

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ரெண்டும் ஒரே ஊரு, பாப்பா! என் ஊரு! நாங்க பனாரஸ் சொல்றது."

மாமா வாங்கிய பீடாவை வாயில் போட மறந்தார். எங்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒரு ஊருக்கு எதுக்கு மாமா இத்தனை பேரு?" என்றேன்.

"பழைய ஊரும்மா. வந்தவன் போனவனெல்லாம் ஆசைப்பட்டு ஒரு பேரு வச்சிருக்கான். சிவன் விட்டுப் பிரியாத ஊருங்கறதால அவிமுக்தம். இன்னொரு பேரு ஆனந்தவனம், ஆனந்தமான காடு. உங்கப்பா கோயிலுன்னா வரமாட்டாருன்னு அவருக்கு ஆனந்தவனம்னு சொல்லி வச்சிருக்கேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாங்க காதுல இது விழுந்துச்சு, ரெண்டு பேருமே வரமாட்டாங்க. அப்புறம் ஆறும் இல்ல, லைட்டும் இல்ல."

அன்றிலிருந்து எங்கள் பாடு பெரும்பாடு. தொலைக்காட்சியில் கங்கை தெரிந்தால் நான் அலைவரிசையை மாற்றினேன். பக்கத்து வீட்டு ஆண்ட்டி "காசியா? அதான் இந்த வாரணா..." என்று ஆரம்பித்தபோது தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டேன். அங்கே பொங்கோலில் அக்கா இந்திய வரைபடத்தையே ஒளித்து வைத்துவிட்டாளாம்.

சாங்கி விமான நிலையத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் வந்து நின்றன. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ எங்கடி இங்க?"

"நான் காசிக்குப் போறேன்க்கா. நீ?"

"நான் வாரணாசிக்கு."

"பக்கமா?"

"பக்கந்தான்னு தம்பி சொன்னான்."

"அப்ப அதுவரைக்கும் பேசிக்கிட்டே போலாம்."

அப்பா எதையோ பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார். எங்கள் முறை வந்தது. கவுண்டரில் இருந்த தமிழ்ப்பெண் கடவுச்சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் வாரணாசிதானே?" என்று கணீரென்று கேட்டாள்.

நான் பெரிதாக இருமினேன். அக்கா அதைவிடப் பெரிதாக இருமினாள். மாமா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் பெரியம்மாவும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முதுகும் குலுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் 'களுக்'கென்று ஒரு சத்தமும் வந்தது.

அழுகிறார்கள் என்றே நினைத்து அக்காவைப் பார்த்தேன். அக்கா என் காதில் சொன்னாள்: "பாவம்டி, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியல. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நாமதான் சமாளிக்கணும்."

வழியெல்லாம் நாங்கள் கண் கொட்டாமல் காவல் இருந்தோம்.