கொண்டை சிவந்தபோது

பாசாரில் கோழி வாங்கப் போனால் நான் முதலில் பார்ப்பது கொண்டையைத்தான். கூண்டுக்குள்ளிருந்து ஒரு சேவல் சிவந்த கொண்டையைத் திருப்பி என்னைப் பார்த்தால், இந்த வயதிலும் அடுத்த கூண்டுக்குப் போய்விடுகிறேன்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம். காஜா பேராங்கில் எங்கள் பலகை வீட்டின் பின்பக்கம் முழுவதும் என் நாத்தனாரின் ராஜ்யம். என் கணவரின் அக்கா அவர். சிறு வயதிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளையில்லை. வீடு வீடாக வரும் சீனர் ஒருவர் இளஞ்சேவல்களின் விலாவைக் கீறி விதையை எடுத்துவிட்டுப் போவார். அப்படிக் காயடித்த சேவல் கூவாது, சண்டைக்குப் போகாது. கொண்டை வெளுத்துச் சுருங்கும், உடம்பு கொழுக்கும். விருந்துக்கென்று ஒன்றை நாத்தனார் வளர்த்துவந்தார். அந்தச் சமயத்தில் குஞ்சு பொரித்திருந்த பெட்டையை உடும்பு அடித்துவிட்டது. ஐந்து குஞ்சுகள் கத்திக்கொண்டு நின்றன. "இதோட சூட்டுல போட்டுப் பாப்போம் லா" என்று அவற்றைக் காயடித்த சேவலின் இறக்கைக்குள் தள்ளினார். மறுநாள் பார்த்தால், அது கொக்கொக்கென்று கூப்பிட்டுக் குஞ்சுகளுக்குப் புழு காட்டிக்கொண்டிருந்தது!

விருந்தாவது ஒன்றாவது. நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. தவழும் எங்கள் மகனைத் தொடவே பயப்படும் என் கணவரிடம், "பாருடா, சேவலே தாயாயிருச்சு. நீ புள்ளைய ஒரு தடவ தூக்க மாட்டேங்கிற" என்பார். அவர் சிரித்து நழுவிவிடுவார்.

மழைக்காலம் தொடங்கியபோது, வெளுத்த கொண்டையின் அடியில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. சில நாட்களில் அது மேலே ஏறியது. சேவல் எங்களைப் பார்க்கும் பார்வையும் மாறியது. மகனைப் பின்பக்கம் விடுவதை நிறுத்திவிட்டேன்.

"அக்கா, கொண்டை செவக்குது. எனக்கென்னமோ பயமா இருக்கு."

"சும்மா இரு லா. பெத்தாதான் தாயா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது கோழியைப் பற்றிய பேச்சில்லை என்று புரிந்தது.

ஹார்மோன் என்ற சொல்லே பிற்காலத்தில் மகன் கால்நடை மருத்துவம் படித்தபோதுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பெட்டையை அடையில் உட்காரவைப்பது அதன் தலைக்குள் சுரக்கும் ஒன்றாம். சேவலின் விதையில் சுரப்பதோ அதைக் கூவவும் குத்தவும் விரட்டுமாம். புறாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுக்கு ஊட்டும், கோழியில் அப்படியில்லை. விதையில் ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் அதுவே மறுபடி வளர்ந்துவிடுமாம். அப்போது எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

ஒரு காலையில் அது கூவியது. அரிசி களைந்துகொண்டிருந்த நாத்தனாரின் கை அப்படியே நின்றது. பிரித்து அடைக்கச் சொன்னார் என் கணவர். "இன்னிக்கு ஒரு பொழுது பாப்போம்டா" என்று கெஞ்சினார் அக்கா.

மாலையில் வானம் கறுத்துக் காற்று குளிர்ந்தது. ஐந்து குஞ்சுகளும் வழக்கம்போல் அதன் இறக்கையைத் தேடி ஓடின. சேவல் கழுத்து மயிரைச் சிலிர்த்துத் தலையைத் தாழ்த்தியது. நாங்கள் ஓடிப்போவதற்குள் நான்கு கிடந்தன. ரத்தத்தோடு தப்பிய ஐந்தாவது, மறுபடியும் அதனிடமே ஓடியது.

நாத்தனாரே சேவலை அறுத்துக் குழம்பு வைத்தார். எங்களுக்குப் பரிமாறினார், அவர் தொடவில்லை. அதன்பின் என் மகன் நடக்கப் பழகி, கையை நீட்டிக்கொண்டு அவரிடம் ஓடும்போதெல்லாம், ஓர் அடி பின்னால் நகர்ந்துவிட்டுத்தான் அவனைத் தூக்குவார். பாசாரில் சிவந்த கொண்டையைப் பார்க்கும்போது அந்த ஓர் அடிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.