புதன்கிழமை வகுப்புக்கு வந்த வாப்பாமார்

முஃப்லிஹா பிறந்தது மன்னாரில். எழுதப் படிக்கப் பழகியது தில்லையடியில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வந்து இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டிலில் பின்நேரப் பள்ளிக்கூடம் நடந்த காலம் அது. மூன்று பேருக்கு ஒரு புத்தகம். நடுவில் இருக்கிறவளுக்குத்தான் எழுத்து நேராகத் தெரியும் என்பதால், நடு இடத்துக்கு நாளாந்தம் சண்டை நடக்கும். அந்தச் சண்டைகளில் தேறி ஆசிரியையாகி, ஐஸ் லொறி ஓட்டும் றிஸ்வியைக் கலியாணம் முடித்துக்கொண்டு, கடலோரக் கண்டக்குழிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே தரம் நான்குக்கு வகுப்பாசிரியை. பிள்ளைகளிடம் வாய் ஓயாமல் கதைப்பவள், ஆசிரியர் கூட்டம் என்றால் கடைசிக் கதிரையில் போய் இருப்பாள். பள்ளிக்கூட அதிபர் கிழக்கென்றாலும் தலையாட்டுவாள், மேற்கென்றாலும் தலையாட்டுவாள்.

அப்படித்தான் ஹஸ்மி சேர் லெப்டொப் கதையை எடுத்தபோதும் தலையாட்டினாள்.

ஹஸ்மி சேர் புதிதாக வந்த அதிபர். கொரோனாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய லெப்டொப்புகள் ஊரில் பல வீடுகளில் அலுமாரிக்குள் துணி சுற்றிக் கிடப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். "சும்மா கிடக்கிற சாமான். புதன்கிழமைகளில புள்ளைகள் வகுப்புக்குக் கொண்டு வரட்டும். தரம் நாலுல இருந்து தொடங்குவம்" என்றார். தரம் நான்கு என்றால் முஃப்லிஹாவின் வகுப்பு. அவளுக்கு லெப்டொப்பைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியும். இடையில் நடப்பதெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்.

பெற்றோர் கூட்டத்தில் அமானியின் உம்மா ஃபாஹிமா எழும்பி நின்றாள். அவளுடைய கணவர் லத்தீப் கடலுக்குப் போகிறவர். வீட்டில் லெப்டொப் கிடையாது.

"இரிக்கிற புள்ளைகள் கொண்டு வருவாங்க சேர். இல்லாத புள்ளைகள் என்ன செய்ற? வாயப் பார்த்துக்கொண்டு இரிக்கிறதா?"

ஹஸ்மி சேர் முஃப்லிஹாவைப் பார்த்தார். அவளுக்குத் தலையாட்ட வழியில்லை, கேட்டது கேள்வி. ஓலைக் கொட்டில்தான் அவள் நினைவுக்கு வந்தது.

"மூணு பேருக்கு ஒண்டு" என்றாள். "கொண்டு வந்த புள்ள முதல்ல கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கோணும். மத்த ரெண்டு பேருக்கும் வாயால சொல்லிக் குடுக்கோணும். அவங்க செய்து முடிச்ச பொறகுதான் அந்தப் புள்ள தொடலாம். இடத்தை ஒவ்வொரு கிழமையும் மாத்துவன்."

ஃபாஹிமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டா ஓம்" என்று சொல்லித் திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு கிழமை முழுக்க, றிஸ்வியின் சகோதரி மகனுடைய பழைய லெப்டொப்பை வைத்துக்கொண்டு முஃப்லிஹா வீட்டில் பழகினாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பாள். றிஸ்வி சாப்பிட்டுக்கொண்டே பார்த்திருந்துவிட்டு, "கோழி நெல்லுக் கொத்துற மாதிரி இரிக்கி" என்றான்.

"கோழிக்கும் வயிறு நிறையுதுதானே" என்றாள் அவள்.

முதல் புதன்கிழமை வந்தது. ஒரு லெப்டொப் குளிக்கிற துவாயில் சுற்றி வந்தது. ஒன்று தலையணை உறைக்குள், இன்னொன்று ரைஸ் குக்கர் பெட்டிக்குள். ஒன்றை உம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நிறைகுடம் கொண்டுவருவது போல நடந்து வந்தார்கள். வகுப்பில் இருந்தது ஒரேயொரு பிளக். அதிபரின் அறையிலிருந்து நீள வயரொன்று இழுக்கப்பட்டது. அதிபரின் வைஃபையும் அன்றைக்குத் தரம் நான்குக்கே கொடுக்கப்பட்டது. கடற்காற்றுக்கு மணல் வந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்த, புழுக்கத்தில் எல்லோருக்கும் வியர்த்தது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. திறக்கத் திறக்க ஒவ்வொரு திரையிலும் ஒரு குடும்பம் தெரிந்தது: கலியாணப் படம், பெருநாள் படம், விமான நிலையத்தில் அழுத கண்ணோடு எடுத்த படம்.

பாடம், ஊரின் வரைபடம் கீறுவது. லெப்டொப் கொண்டு வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அதை அமத்து, அதையில்ல, மத்ததை" என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். முஃப்லிஹா பிள்ளைகள் இருந்த வாங்குகளுக்கிடையே நடந்தபடி, தனக்குத் தெரியாததைப் பிள்ளைகள் சொல்வதிலிருந்தே பொறுக்கிக்கொண்டாள். பரவாயில்லை, சமாளித்துவிடலாம் என்று மனம் இலேசான நேரத்தில், சியாமின் லெப்டொப் திடீரென்று பெருஞ்சத்தமாக அடிக்கத் தொடங்கியது. பயந்துபோன அமானி எதையோ அமத்த, திரையில் ஒரு மனிதர் பெனியனோடு, தேநீர்க் குவளையும் கையுமாகத் தோன்றினார்.

"என்ன, இண்டைக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறீங்க?" என்றார் அவர்.

"வாப்பா, கத்தாதீங்க" என்றான் சியாம், கையைப் பின்னால் கட்டியபடியே. "இது இஸ்கூல்."

"இஸ்கூலா? உம்மா எங்க?"

"உம்மா வீட்டுல. லெப்டொப்தான் இஸ்கூலுக்கு வந்திரிக்கி."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சியாமின் வாப்பா முபாரிஸ் தோஹாவில் ஒரு கட்டடத்துக்கு இராக்காவல். வேலை முடித்து அறைக்கு வந்து, வழமை போல மனைவிக்கு எடுத்த வீடியோ கோல் அது. மனிதர் திரையிலிருந்து பாய்ந்து மறைந்து, பொத்தான் மாறிப் போட்ட சேட்டோடு திரும்ப வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். மன்னிச்சிக்கோங்க, தெரியாமப் போச்சி."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்றாள் முஃப்லிஹா. கோலைக் கட்பண்ண வேண்டும். எதை அமத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவள் விரலை நீட்டிக்கொண்டு தடுமாறிய அந்தச் சின்ன இடைவெளியில் முபாரிஸ் கேட்டார்:

"டீச்சர், கொஞ்ச நேரம் இப்பிடியே இரிக்கட்டா? சத்தம் போடமாட்டன். இவனுக்கு மூணு வயசா இரிக்கக்க இங்க வந்தனான். லீவுல வந்த ரெண்டு தரமும் இஸ்கூல் பூட்டியிருந்திச்சி. இவன்ட வகுப்ப நான் பார்த்ததே இல்ல."

முஃப்லிஹா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். "இருங்க" என்றாள்.

அமானி லெப்டொப்பைப் பலகை தெரியும்படி திருப்பி வைத்தாள். பாடம் தொடர்ந்தது. தொடர்ந்தது என்று சொன்னாலும், பிள்ளைகளின் கண்ணெல்லாம் முபாரிஸ் மீதுதான். "படத்தில கடல் எந்தப் பக்கம் வரோணும்?" என்று முஃப்லிஹா கேட்டபோது, விடிந்தால் கடலைப் பார்க்கிற அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கவில்லை.

"டீச்சர், வாப்பா கை தூக்குறார்" என்றான் சியாம்.

"சொல்லுங்க முபாரிஸ்."

"மேற்கு, டீச்சர்."

"சரி. கை தட்டுங்க."

தட்டினார்கள். முபாரிஸ் முகம் மலர்ந்தது, பத்து வயதுப் பையனைப் போல. கொஞ்ச நேரம் போக, விடிய விடிய நின்ற களைப்பில் தலை சரிந்து, அப்படியே உறங்கிவிட்டார். குறட்டை மெல்லக் கேட்டது. முஃப்லிஹா சொல்லாமலே வகுப்பு அடங்கிப்போயிற்று. "மெதுவா அடி, வாப்பா எழும்பிடுவார்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டு, விசைகளைப் பூவைத் தொடுவது போலத் தொட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு அமைதியான பாடவேளை அதற்கு முன்னர் நடந்ததில்லை.

மத்தியானத்துக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. மறுநாள் காலையில் அவளுடைய மேசையைச் சுற்றி ஒரே நெரிசல். என்ட வாப்பாவையும் எடுங்க டீச்சர், என்ட மாமாவையும், என்ட உம்மாவையும். முஃப்லிஹா அதிபரிடம் போனாள். ஹஸ்மி சேருக்குக் கதை ஏற்கெனவே எட்டியிருந்தது.

"டீச்சர், இது இஸ்கூலா, கோல் எடுக்கிற கடையா? நான் பாடத்துக்குத்தான் லெப்டொப் கொண்டுவரச் சொன்னன். இனி ஒரு கோலும் வரக்கூடாது."

முஃப்லிஹா தலையாட்டினாள். கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். பிறகு, தானே எதிர்பாராத விதமாய்த் திரும்பி வந்து, அவர் இருக்கச் சொல்லாமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"சேர், என்ட வகுப்புல பாதிப் புள்ளைகள்ட வாப்பாவோ உம்மாவோ ஊர்ல இல்ல. பெற்றோர் கூட்டம் எண்டா ஆர் வாறது? மாமி, பெரியும்மா, பக்கத்து வீட்டு ஆள். புள்ள படிக்குதா எண்டு கேக்க வேண்டிய ஆள் தோஹாவில இரிக்கார். இப்ப அவர் தானாகவே வகுப்புக்கு வந்து கை தூக்குறார். நாம கதவைப் பூட்டுறதா?"

ஹஸ்மி சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த டீச்சர் இவ்வளவு நீளமாய்க் கதைத்து அவர் கேட்டதில்லை. "பாடம் நடக்கோணும்" என்றார் கடைசியில்.

"பாடமாத்தான் செய்வன். சுற்றாடல் பாடத்தில தொழில்கள் எண்டு ஒரு அலகு இரிக்கி. புள்ளைகள் கேள்வி கேப்பாங்க, பெற்றோர் பதில் சொல்வாங்க, அதைப் புள்ளைகள் லெப்டொப்புல அடிப்பாங்க."

"மாசத்தில கடைசிப் புதன். ஒரு பாடவேளை. வீட்டாக்கள் எல்லாரும் சம்மதம் சொல்லோணும்."

அவள் வகுப்புக்குத் திரும்பிச் சொன்னதும் கூரை பறந்துவிடும் போலிருந்தது. அமானி மட்டும் சத்தம் போடாமல் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், என்ட வாப்பா வெளிநாட்டுக்குப் போகல்ல. கரையிலதான் இரிக்கார். ஸ்க்ரீன்ல வர ஏலாது. நடந்து வந்தாப் பரவாயில்லையா?"

முஃப்லிஹா பலகைப் பக்கம் திரும்பி, அழிப்பதற்கு ஒன்றுமில்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்தாள். "நடந்து வாறவருக்குத்தான் முன்வாங்கு" என்றாள்.

அந்தக் கடைசிப் புதன் வந்தது. விடிய முன்னர் கடலுக்குப் போய் மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, லத்தீப் ஜும்ஆத் தொழுகைக்குப் போடும் வெள்ளைச் சேட்டோடு வாசலில் நின்றார். முழங்கையில் ஒரு செதில் மினுங்கிக்கொண்டிருந்தது. "நான் இங்கேயே நிண்டு கதைக்கிறனே டீச்சர்" என்றார். பிள்ளைகள் விடவில்லை. இரண்டு கையிலும் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் முன்வாங்கில் இருத்தினார்கள். அவரைப் போலவே கரையிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். திரைகளில் தோஹாவும் ஜித்தாவும் குவைத்தும் தெரிந்தன. முபாரிஸ் இந்தத் தடவை பொத்தான்களைச் சரியாகப் போட்டிருந்தார்.

குவைத்தில் நின்றது நுஸ்ராவின் உம்மா ஹம்ஸியா. வேலை செய்யும் வீட்டுச் சமையலறையில் போனை மாவு டின்னில் சாய்த்துவிட்டு, மாவு பிசைந்தபடியே கதைத்தாள். அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்து, ஸலாம் சொல்லிக் கையசைத்தாள். வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் ஸலாம் சொன்னது.

"உம்மா" என்றாள் நுஸ்ரா, எழுதி வைத்த கேள்வியை வாசிப்பவள் போல. "நீங்க காலையில எழும்பி முதல்ல என்ன வேலை செய்வீங்க?"

"ஒன்ட போட்டோவப் பார்ப்பன். பொறகுதான் அடுப்பு."

நுஸ்ரா விசைகளில் குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "டீச்சர், 'போட்டோ'வுக்கு ஒற்றைக் கொம்பா, இரட்டைக் கொம்பா?" என்று கேட்டாள். குவைத்தில் ஹம்ஸியா மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. லெப்டொப்புகள் பற்றரியில் தாக்குப்பிடித்தன, வைஃபை தாக்குப்பிடிக்கவில்லை. பெற்றோர் எல்லோரும் திறந்த வாயோடு அப்படியே உறைந்து மறைந்தார்கள். பிள்ளைகளின் முகம் வாடியது. முஃப்லிஹா ஒரு கணம் யோசித்துவிட்டு, முன்வாங்கைப் பார்த்தாள்.

"லத்தீப், கரண்ட் இல்லாம வேலை செய்ற ஆள் இங்க நீங்கதான். சொல்லுங்க."

அதுவரை சேட்டுக் கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்த லத்தீப் எழும்பினார். டொல்பின் என்று வெள்ளைக்காரர் சொல்லும் ஓங்கில் கூட்டம் ஒன்று தன் படகோடு விளையாடிக்கொண்டே வந்ததையும், அதைப் படம் எடுக்கப் பக்கத்துப் படகில் எழும்பிய வெள்ளைக்காரர் தொப்பியைக் கடலில் விட்டதையும், அந்தத் தொப்பி மறுநாள் தன்னுடைய வலையில் மீனோடு மீனாக வந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கூச்சம் போய், கையும் காலும் சேர்ந்து கதை சொல்லின. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விசைகளில் அடித்துத் தள்ளினார்கள். அமானி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற சியாமிடம் "ஓங்கில் எப்பிடி அடிக்கிற? கெதியாச் சொல்லு" என்றாள்.

மனைவி மறந்த சாப்பாட்டுப் பார்சலைக் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கேற்றடியில் லொறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த றிஸ்வி, தன்னுடைய போனிலிருந்து இணைப்புக் கொடுத்தான். திரும்பி வந்த முதல் முகம் முபாரிஸ். வந்ததும் வராததுமாக முன்னால் நின்றவரை உற்றுப் பார்த்தார்.

"டேய், லத்தீபா? கிழவனாப் போயிட்டாய்டா."

"நீ மட்டும் என்ன மாப்பிள்ளையா?" என்றார் லத்தீப். இருவரும் இதே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்களாம். "புள்ளைகள், கேளுங்க, இவன்தான் கணக்குப் பாடம் எண்டா ஜன்னலால பாயிறவன்."

"பாஞ்சது நீ. நான் பையை எறிஞ்சவன் மட்டுந்தான்."

வகுப்பு கட்டுக்கடங்காமல் போனது. சியாமும் அமானியும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

"ரெண்டு பேரும் கையைக் கட்டுங்க" என்றாள் முஃப்லிஹா.

ஒருவர் தோஹாவில், ஒருவர் கண்டக்குழியில், சட்டென்று கையைக் கட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த ஹஸ்மி சேருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. இடைவேளை மணியை அடிக்க வந்தவரை, கொஞ்சம் பொறு என்று அவர் கையால் நிறுத்தினார்.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் முஃப்லிஹாவை முன்னால் அழைத்து, தரம் ஐந்துக்கும் மூன்றுக்கும் இதை எப்படிச் செய்வது என்று விளக்கச் சொன்னார் அதிபர். அது நடந்தது சில நாட்களுக்குப் பிறகு. அந்தப் புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனது ஐஸ் லொறியின் முன்ஆசனத்தில். பின்னால் உருகிய ஐஸ் தண்ணீர் வழி நெடுகச் சொட்டிக்கொண்டே வர, ஹம்ஸியா சொன்னதையும் லத்தீப் சொன்னதையும் அவள் அப்படியே நடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு சொல் சொல்ல றிஸ்வி இரண்டு தரம் வாயைத் திறந்து பார்த்தான். இடம் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டு, நேர்வழியை விட்டு, கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகும் பாதையில் லொறியைத் திருப்பினான்.