மனோகரன் முகத்தில் காயாத கடலை மாவு

எட்டு இருபது மின்சார ரயில் நண்பர்களே, தாம்பரம் சாட்சியாகச் சொல்கிறேன்: இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம் ஊரப்பாக்கம் மனோகரன் போய்விட்டான் என்று வாட்ஸ்அப்பில் வந்த காலையில் நானும்தான் நம்பவில்லை. வண்டி பெருங்களத்தூரைத் தாண்டியிருந்தது. திரும்பிப் போகத் தாம்பரத்தில் குதித்தேன். குதித்த வேகத்தில் பிளாட்பாரம் இரண்டடி நகர்ந்தது.

அவன் புகழ் முழுக்க முகத்தில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பியூட்டி பார்லரில் ஃபேஷியலுக்கு விலை கேட்டான். அந்தத் தொகைக்குக் கூடுவாஞ்சேரியில் அரை கிரவுண்டு வாங்கலாமாம். ரயில் பெட்டியே அதிரச் சபதம் போட்டான்.

"மச்சான், எங்க அத்தையெல்லாம் கடலை மாவுலதான் ஜொலிச்சாங்க. கிச்சன்ல இருக்கறத வெச்சே நானும் ஜொலிக்கிறேன் பாரு!"

ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் பிடித்து உட்காரவைப்பான். கடலை மாவு, புளிக்காத தயிர், ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள், நாலு சொட்டுத் தேன். எவர்சில்வர் கிண்ணத்தில் குழைத்து, கீழிருந்து மேலாகப் பூசுவான். "பேசாத, சிரிக்காத. கன்னம் தானா இழுக்கும், அப்புறம்தான் துடைக்கணும். அவசரப்பட்டா அடுத்தவன் மூஞ்சிதான் மிஞ்சும்" என்பான். கல்யாணத்தன்று அவன் முகப் பிரகாசத்தில் போட்டோகிராபர் விளக்கையே அணைத்துவிட்டார்.

அந்த முகத்தைத்தான் மூன்றே வாரத்தில் நோய் தின்றிருந்தது. கூடத்தில், ஃப்ரீசர் பெட்டிக்குள் கறுத்து ஒடுங்கிக் கிடந்தது யாரோ ஒருவர். அவன் மனைவி சுமதி என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். கையில் அதே கிண்ணம்.

"அண்ணா, பையன் துபாய்லேருந்து இறங்கிட்டான். அப்பாவைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. வீடியோ கால்லகூட இந்த மூஞ்சியக் காட்டவிடல அவரு. இத அவன் பாக்கக் கூடாது அண்ணா. நீங்க போட்டுவிடுங்க."

"நானாம்மா?"

"அவர் பக்குவம் உங்களுக்குத்தானே தெரியும்?"

பெட்டியைத் திறந்து பூசினேன். விரலுக்கடியில் குளிர்ந்த கல். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். கால் மணி, அரை மணி, முக்கால் மணி. என் விரலில் ஒட்டிய மாவு காய்ந்து உதிர்ந்தது. அவன் முகத்தில் இருந்தது குழைத்த ஈரத்தோடே இருந்தது. மின்விசிறி தானாக நின்றது. ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் ஒரு ஹாரன் இல்லை.

"கார் வண்டலூர் வந்துடுச்சாம்" என்றார் யாரோ.

குனிந்து அவன் காதில் சொன்னேன்: "மச்சான், பையன் வந்துட்டான்டா. சீக்கிரம்."

நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் மாவு மெதுவாக வெளுத்துக்கொண்டு இறங்கியது. கன்னம் இழுத்தது. துண்டை நனைத்துத் துடைத்தேன். அடியில் மனோகரன் இருந்தான்.

பையன் வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பாவின் கன்னத்தில் கன்னம் வைத்தான். சட்டென்று நிமிர்ந்தான்.

"அங்கிள், அப்பா கன்னம் சூடா இருக்கு."

"வெந்நீர்ல துடைச்சேன்பா."

அவன் மறுபடி சாய்ந்து, வெகுநேரம் அப்படியே இருந்தான். "அப்பா மாறவே இல்லம்மா" என்றான். சுமதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

அந்தக் கிண்ணம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், ஞாயிற்றுக்கிழமைகளில் வாய் திறக்காமல் உட்காரும் அரை மணி நேரமும்தான். என்னைத் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது எவ்வளவு பெரிய சொத்து என்று புரியும்.

நண்பர்களே, மின்விசிறி நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு எவன் சாவுக்கும் அடங்கியதில்லை. மாவு காய்ந்ததைக்கூடத் தள்ளிவிடுங்கள். கூடத்து வெக்கையில் எதுவும் காயும். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். நான் துடைத்தது பச்சைத் தண்ணீரில்.