ஒன்பதரை மணி வருகை

சூர்யகலா டீச்சர் விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதி நான்கு வாரமாகிறது. தினமும் பையில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுவருவாள், சாயந்திரம் வீட்டுக்கே எடுத்துப்போவாள். தலைமையாசிரியர் தேசப்பன் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். அவரிடம் நீட்டத்தான் கை வரவில்லை.

அலுத்துப்போகக் காரணம் இல்லாமலில்லை. தை பிறந்தால் பெற்றவர்கள் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். அம்மா திரும்பும்வரை கைக்குழந்தை பெரிய பெண்ணின் இடுப்பில். பிள்ளைகள் வந்துசேரப் பத்தாகும். வருகையோ ஒன்பதரைக்குள் போனில் ஏற்றியாக வேண்டும். இருபத்தாறு பேரில் பதினொன்று என்று ஏற்றுவாள். உடனே கல்வி அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்: "மீதிப் பேர் எங்கம்மா?" இருபத்தொரு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இப்போது பதில் சொல்வதே வேலை.

அன்றும் அதே கேள்வி. போனை வைத்ததும் தேசப்பன் அறைக்குப் போனாள்.

"பதினொரு மணிக்கு ஆபீஸ் போறேன். லெட்டரக் குடுக்கறதுன்னா இன்னிக்கே குடுத்துடுங்க" என்றார்.

கடிதத்தை எடுக்க வகுப்புக்குத் திரும்பினாள். வாசலில் ஆரோக்கியசெல்வி, மகள் கீதாஞ்சலியோடு நின்றாள். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னா டீச்சர், வேலைய வுட்டுட்டுப் போறீங்களாமே?"

"யாரு சொன்னது?"

"ஊரே சொல்லுது. போங்க, யாரு புடிச்சு வெச்சாங்க? பாதி கணக்குல மட்டும் போவாதீங்க. நான் படிச்சப்ப இருந்த டீச்சர் கழித்தல்ல வுட்டுட்டுப் போச்சு. இன்னி வரைக்கும் எனக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாது."

சூர்யகலாவுக்குச் சுருக்கென்றது. "பொண்ண ஒன்பதரைக்கு அனுப்ப முடியல, எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

"ஒன்பதரைக்கு உப்பு வாரிட்டிருப்பேன். நீங்க வந்து வார்றீங்களா?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். கீதாஞ்சலி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். எண்பத்து நான்கை ஆறால் வகுத்து, 'ஈவு ஒன்று, மீதி இரண்டு' என்று முடித்திருந்தாள்.

"நாலை யாரு எறக்குவா?" சூர்யகலா சாக்பீஸை எடுத்தாள். பக்கத்துப் பிள்ளைகளின் நோட்டுகளிலும் அந்த நான்கு அந்தரத்தில் நின்றது. பலகையை மூன்று முறை அழித்து எழுதினாள்.

தேசப்பன் ஹெல்மெட்டோடு எட்டிப் பார்த்தார். "கவர்?"

"வகுத்தல் முடியட்டும் சார்."

"போன வருஷம் லெட்டர் எழுதினப்பவும் இப்படித்தான் சொன்னீங்க."

"போன வருஷம் பெருக்கல்."

அவர் வண்டி கிளம்பியது. அவளுக்கு நிம்மதியொன்றும் வரவில்லை. கூப்பிட்டு நிறுத்திவிடலாமா என்றுகூட வாசல்வரை போனாள். உள்ளே யாரோ, "டீச்சர், எனக்கு மீதியே வரல" என்று கத்தவும் திரும்பினாள்.