சிப்பாயின் பெயர்

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும், தஞ்சாவூரில் எங்கள் பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது.

அப்பா சவூதியில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட வருடம் அது. கல்லறைத் திருநாளுக்காக எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்தார்கள். எங்களுக்கென்று கல்லறை இல்லை. போரில் செத்து, யாரும் தேடிவராத ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லறைக்கு அம்மா வெள்ளையடித்தாள், பெயர் மறையும்வரை.

"ஏம்மா, தொரை பேரையே மூடிட்டீங்களே?" என்றார் காவல்காரர்.

"வேற ஆளு பேரப் பாத்தா எனக்கு அழ வரலிங்க."

சேதி வந்த நாளிலிருந்து அழாத அம்மா, ஈரக் கல்லறையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சேலையெல்லாம் சுண்ணாம்பு.

அந்தப் பெயரை நான் முன்பே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். அம்மா சாகும்வரை அவளிடம் அதைச் சொல்லவில்லை. இப்போதும் வாய்விட்டுச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.